முந்திரிக்கு விதை ஏன் வெளியே?

காலாப்பட்டு

அன்பு மகள் இலக்கியாவுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதமும், நீ வரைந்தனுப்பிய முந்திரிப் படமும் கிடைத்தன. "எல்லாப் பழத்துக்கும் விதை உள்ளே இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் வெளியே தொங்குகிறது?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. விதை வெளியே வரவில்லை, பாப்பா. நாம் பழம் என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் பழம் இல்லை.

பூவின் நடுவில் சூலகம் இருப்பதைப் பாடத்தில் படித்திருப்பாய். கருவுற்றபின் சூலகம் கனியாகிறது, அதற்குள் இருக்கும் சூல் விதையாகிறது. தாவரவியலில் கனிக்கு இதுதான் இலக்கணம். இனிப்பும் சாறும் கணக்கில் வராது. வெண்டைக்காய், கத்தரிக்காய், மிளகாய் எல்லாமே கனிகள்தான். முந்திரிப் பூவின் சூலகம் வளர்ந்து கொட்டையாகிறது. அந்தக் கொட்டைதான் முழுக் கனி. அதைத் தாங்கிய காம்பு பருத்து, சாறு பிடித்து, மஞ்சளும் சிவப்புமாக மாறுகிறது. அதைத்தான் முந்திரிப் பழம் என்று தின்கிறோம். பொய்க்கனி என்று பாடநூல் சொல்வது இதைத்தான். மரத்தடியில் நின்று பார்த்தால் உனக்கே விளங்கும். பூ உதிர்ந்ததும் முதலில் கொட்டைதான் பச்சையாக வளர்ந்து பெரிதாகும். காம்பு பருப்பது அதற்குப் பிறகே.

முந்திரிக் கொட்டை ஓட்டின் உள்ளறைகளில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். பச்சைக் கொட்டையை ஒருபோதும் பல்லால் கடிக்காதே. ஓட்டை நீக்கினால் வருவதுதான் விதை. பருப்பின் மேலுள்ள செம்பழுப்புத் தோல் விதையுறை. பருப்பு இரண்டாகப் பிளக்கிறதே, அந்தப் பாதிகள் இரண்டும் வித்திலைகள். பிளக்கும்போது ஓரத்தில் சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நாளைக்கு மரமாகப் போவது அதுதான்.

முந்திரியின் உறவுக்கார மரமான மாவில் கனிச்சுவர் மூன்று அடுக்காகத் தெளிவாகப் பிரிந்திருக்கும். தோல் வெளியடுக்கு, சதை நடுவடுக்கு, கொட்டையின் கெட்டி ஓடு உள்ளடுக்கு. தேங்காயும் இதே அமைப்புத்தான். சதை இருக்கவேண்டிய இடத்தில் நார் இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. கொட்டாங்குச்சி என்பது கனியின் உள்ளடுக்கு. தேங்காயின் மூன்று கண்கள், அதன் சூலகம் மூன்று சூலிலைகளால் ஆனது என்பதற்குச் சான்று. அவற்றில் மிருதுவான ஒரே கண்ணின் கீழ்தான் முளை இருக்கும்.

பனையில் மூன்று சூல்களுமே பெரும்பாலும் விதையாகிவிடுகின்றன. அதனால்தான் ஒரு காயைச் சீவினால் மூன்று நுங்கு. நுங்கு என்பது முளைக்கு உணவாகச் சேர்த்துவைத்த திசு. முளைசூழ்தசை என்று அதற்குப் பெயர். இளசில் நீரும் வழவழப்புமாக இருக்கும் அது, முற்றினால் கல்லைப் போல இறுகிவிடும். பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் வித்திலையின் ஒரு பகுதி நீண்டு, முளையைச் சுமந்துகொண்டு கீழே இறங்குகிறது. மற்றொரு பகுதி கொட்டைக்குள்ளேயே பஞ்சுபோல் பருத்து, இறுகிய உணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. சில ஊர்களில் தவண் என்றும் சில ஊர்களில் பூரான் என்றும் சொல்லி வெட்டித் தின்பது அதைத்தான். பனங்கிழங்கும் வேரில்லை. முளைத்து மண்ணுக்குள் இறங்கிய இளம் பனைதான். வறண்ட மணலில் ஒரு விதை ஈரத்தைத் தேடித் தன் பிள்ளையை ஆழத்துக்கு அனுப்புகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கனிகளை வகைப்படுத்தும்போது முதலில் கேட்கவேண்டியது, எத்தனை பூ, எத்தனை சூலகம் என்பதுதான். சீத்தாப்பழமும் பலாவும் மேடுமேடாகத்தான் இருக்கின்றன. ஆனால் சீத்தாப்பழம் ஒரே பூவில் தனித்தனியாக இருந்த பல சூலகங்கள் சேர்ந்து வந்தது. அது திரள்கனி. பலா, ஒரே தண்டில் நெருங்கிப் பூத்த ஏராளமான பூக்கள் சேர்ந்து வளர்ந்தது. அது கூட்டுக்கனி. நாம் தின்னும் சுளை ஒவ்வொன்றும் ஒரு பூவின் இதழ் சதைபிடித்தது. சுளைகளுக்கு நடுவே இருக்கும் சடை, கருவுறாமல் போன பூக்கள். மாவும் தென்னையும் பனையும் ஒரு பூ, ஒரு சூலகம் என்ற கணக்கில் தனிக்கனிகள்.

கடற்கரைப் பக்கம் நிற்கும் சவுக்கின் காயும் கூட்டுக்கனிதான். அதன் பிளவுகளிலிருந்து காற்றில் பறப்பவை விதைகளாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு விதையை உள்ளே வைத்த சிறகுள்ள முழுக் கனி. நெல்மணியும் அப்படித்தான். கனிச்சுவரும் விதையுறையும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிப்போயிருக்கும். மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், மஞ்சள் பூ வாடியபின் சூலகத்தைத் தாங்கிய பகுதி காம்பாக நீண்டு, அதை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் செருகிவிடும். கொடுக்காப்புளியில் நாம் தின்னும் வெள்ளைச் சதை, விதையை ஒட்டி வளரும் பத்திரி.

இதையெல்லாம் முறைப்படுத்தியதில் ஜோசப் கேர்ட்னர் என்ற ஜெர்மானியருக்குப் பெரும் பங்குண்டு. கனிகளையும் விதைகளையும் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதி 1788-இல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் கனிகளை வெட்டிப் பார்த்துப் படத்தோடு விளக்கினார். உருப்பெருக்கியில் ஓயாமல் உற்றுப் பார்த்ததில் அவருடைய கண்பார்வை பெரிதும் கெட்டது. நம் புதுச்சேரியிலேயே, 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்த்திப் பாதுகாத்த செடிகொடிகளின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. வகைப்பாட்டுக்கு அடிப்படை இப்படிச் சேர்த்துவைத்தவைதான். கனி வகைகளின் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்வது தேர்வோடு முடிந்துவிடும்.

சித்திரை விடுமுறைக்கு இங்கே வா. அதற்குள் உன் வீட்டு அடுப்படியில் கிடைக்கும் காய் ஒவ்வொன்றையும் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை வெட்டிப் படம் வரைந்து வை. அந்தக் காய் பூவின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்றும் பக்கத்திலேயே எழுது. வெள்ளரியிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
பெரியப்பா