மங்கலத்திலிருந்து பெருமாநல்லூருக்கு: குறுகிய வழியைக் கணக்கிடுவது எப்படி?

நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பாக்டிங், கட்டிங் என்று போகிறது. ஒரு பனியன் தைத்து முடிவதற்குள் திருப்பூர் வட்டாரத்தில் சரக்கு பல இடம் மாறுகிறது. எந்த வழியில் டெம்போவை விடுவது என்ற கேள்விக்கு கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு முறை கண்டார். 1959-ல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய வழிகாட்டிச் செயலிகள் பலவற்றுக்கும் அடித்தளம் அதுதான். கணினியைத் தொடுமுன் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரையுங்கள். புள்ளிக்கு முனை என்றும் கோட்டுக்கு விளிம்பு என்றும் பெயர். ஒவ்வொரு விளிம்பிலும் நிமிடங்களை எழுதுங்கள். கிலோமீட்டரை எழுதினால் நெரிசல் கணக்கில் வராது. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: மங்கலம்–பல்லடம் 25, மங்கலம்–திருப்பூர் 30, மங்கலம்–அவிநாசி 35, பல்லடம்–திருப்பூர் 35, திருப்பூர்–அவிநாசி 30, திருப்பூர்–பெருமாநல்லூர் 30, அவிநாசி–பெருமாநல்லூர் 15.

அடுத்து, மங்கலத்திலிருந்து அங்கே போக இதுவரை தெரிந்த குறைந்த நேரத்தை ஒவ்வொரு ஊரின் பக்கத்திலும் எழுதுங்கள்: மங்கலத்துக்கு 0, மற்ற ஊர்களுக்கு முடிவிலி. மங்கலத்திலிருந்து நேரே போகக்கூடிய மூன்று ஊர்களுக்கும் 25, 30, 35 என்று குறியுங்கள். இன்னும் உறுதியாகாதவற்றில் மிகச் சிறிய எண் உள்ள ஊரை எடுத்து உறுதி செய்யுங்கள். அது பல்லடம். அதன் வழியாகத் திருப்பூர் போனால் 60. கையில் இருக்கும் 30-ஐ விட மோசம், விட்டுவிடுங்கள். அடுத்தது திருப்பூர், 30. அதன் வழியாகப் பெருமாநல்லூருக்கு 60 கிடைக்கிறது.

நிறையப் பேர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். சேருமிடத்துக்கு எண் கிடைத்துவிட்டதே என்று நினைக்கிறார்கள். நிறுத்தக் கூடாது. அடுத்து 35-ல் அவிநாசி உறுதியாகிறது. அங்கிருந்து 15 கூட்டினால் பெருமாநல்லூருக்கு 50. பழைய 60-ஐ அடித்துவிட்டு, 'அவிநாசி வழியாக' என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்; பின்னால் வழியைத் திருப்பிப் படிக்க அது வேண்டும். இனி மிச்சம் இருப்பது பெருமாநல்லூர் மட்டும்தான். அது 50 என்று உறுதியான பிறகே கணக்கு முடிகிறது.

ஊர்கள் ஆயிரக்கணக்கில் ஆகும்போது ஒவ்வொரு முறையும் எல்லா எண்ணையும் அலசிச் சிறியதைத் தேடுவது கட்டுப்படியாகாது. ஹீப் என்ற அமைப்பில் எண்களை வையுங்கள். சிறியது எப்போதும் மேலே நிற்கும். பைத்தான் நிரல்மொழியின் ஹீப்க்யூ தொகுப்பில் பழைய 60-ஐத் திருத்த நேரடி வழியில்லை. 50-ஐப் புதிதாகச் சேர்த்துவிட்டு, 60 பின்னால் வெளியே வரும்போது தள்ளிவிட்டால் போதும்.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் 1968-ல் ஹார்ட், நில்சன், ராபேல் மூவரும் தந்த ஏ-ஸ்டார் முறை இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் சேருமிடத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்ற மதிப்பீட்டை அந்த ஊரின் எண்ணோடு கூட்டி, கூட்டுத்தொகை மிகச் சிறியதாக உள்ள ஊரை முதலில் எடுப்பது. அந்த மதிப்பீடு உண்மை நேரத்தைத் தாண்டவே கூடாது. நேர்கோட்டுத் தூரத்தைத் திருப்பூர் நகருக்குள் ஊரும் வேகத்தால் வகுத்தால், புறவழிச்சாலையில் போகும் வண்டிக்கு மதிப்பீடு மிகையாகி, விடை தவறிப்போகலாம். வரைபடத்திலேயே அதிவேகமான சாலையின் வேகத்தால் வகுங்கள்.

நிமிடத்துக்குப் பதில் செலவைக் கணக்கிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரும்பும்போது கிடைக்கும் லோடு வாடகையைக் கழித்தால் சில விளிம்புகள் எதிர்ம எண்ணாகிவிடும். டைக்ஸ்ட்ரா முறை அப்போது பொய்க்கலாம். பெல்மன்–ஃபோர்டு முறைக்கு மாறுங்கள். சுற்றிச் சுற்றி வந்தாலே லாபம் கூடுகிற எதிர்மச் சுற்று இருந்தால், அதையும் அது காட்டிக்கொடுக்கும்.

2025-ல் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழுவினர், சாலைகள் அடர்த்தியாக இல்லாத வரைபடங்களில் டைக்ஸ்ட்ராவைவிடக் கோட்பாட்டளவில் வேகமான முறையை நிறுவினார்கள். அருமையான சாதனை, ஆனால் உங்கள் டெம்போவுக்கு இப்போதைக்கு ஹீப்பும் ஏ-ஸ்டாரும் போதும். அதைவிட முக்கியமாக, ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஒவ்வொரு சாலைக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறதென்று உங்கள் டிரைவரிடம் கேட்டு எழுதுங்கள். விளிம்பில் தவறான எண் இருந்தால் எந்த முறையும் சரியான வழியைச் சொல்லாது.