கெண்டைக்காலில் டென்ஸ் வைக்கும் முறை

ஹைதராபாத்தில் பஞ்சாகுட்டா நிம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனையிலோ, பக்கத்துத் தெரு கிளினிக்கிலோ பிசியோதெரபிக்குப் போய்வந்த பலர், தோல் வழியே மின்சாரம் செலுத்தி நரம்பைத் தூண்டும் டென்ஸ் கருவியை வீட்டுக்கே வாங்கிவிடுகிறார்கள். வலிக்கு வாங்கியதைக் கால் சில்லிட்டாலும் வைத்துக்கொள்கிறார்கள். ரத்த ஓட்டத்துக்குக் கருவியைத் திருகும் விதமே வேறு.

முதலில், யார் வைக்கக் கூடாது? பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் கண்ணை மூடிக்கொள்ள, வீட்டில் ஒருவர் பஞ்சால் காலைத் தொட்டுப் பார்க்கட்டும். தொட்டது தெரியாத காலில் மின்சாரம் கூடிப்போனாலும் தெரியாது. பலர் தாண்டிப்போகும் இந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

டென்ஸ் வைப்பதற்கு முன் சிகரெட் வேண்டாம். நிகோடின் தோலின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மே மாத வெயிலில் அவை தாமாகவே விரியும், டிசம்பர் விடியலில் சுருங்கும். அதனால் பலனை ஒப்பிட வேண்டுமானால் தினமும் ஒரே நேரம், ஒரே அறை.

காலைச் சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் கருவியின் பேட் ஒட்டாது. கெண்டைக்கால் சதையின் மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டுங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

இனி அளவு. 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சுறுசுறுவென்று இருக்கும், வலி மட்டுப்படும். ரத்த ஓட்டம் பெரிதாக மாறாது. அதற்கு 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வேண்டும். சதை மெல்லத் துடிப்பது கண்ணுக்குத் தெரியும்வரை மின்னோட்டத்தைக் கூட்டி, வலிக்கும் முன் நிறுத்துங்கள். துடிக்கும் சதை கூடுதல் ரத்தம் கேட்கிறது. தூண்டப்பட்ட நரம்பு முனைகள் சுரக்கும் பொருள்களும் சிறு ரத்தக் குழாய்களை விரிக்கின்றன. இந்த மாற்றம் பேடைச் சுற்றியுள்ள தோலில்தான் அதிகம். விரல் நுனி சூடேறும் என்று காத்திருக்க வேண்டாம்.

20 நிமிடம் போதும். தூங்கும்போது வைக்காதீர்கள். கருவியை அணைத்த பிறகே பேடை எடுங்கள். தோலில் தோன்றும் லேசான சிவப்பு சீக்கிரமே மறைந்துவிடும். கொப்புளமோ எரிச்சலோ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறதா? பாதப்புண் ஆறவில்லையா? இவை தமனி அடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். டென்ஸ் வைத்து நாளைக் கடத்தாமல் ரத்தநாள மருத்துவரிடம், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனைக்குப் போங்கள்.