பிள்ளைக்கு ஆபத்து வந்தால் தாமதம் தவக்குல் ஆகாது

 

 

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் உள்ள அல்லேரி மலைக் கிராமத்தில் ஒரு சம்பவம் நடந்தது. இரவு வீட்டு வாசலில் தூங்கிக் கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. மலையிலிருந்து இறங்கச் சரியான சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிஞ்சு உயிர் பிரிந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து ஊர் திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, பெற்ற தாயே உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். நாடே அதைப் பார்த்துக் கலங்கியது.

அங்கே குறுக்கே நின்றது சாலை இல்லாத மலை. நம் வீரசோழனில் மலை இல்லை, சாலை இருக்கிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. இத்தனை இருந்தும் ஒரு பிள்ளையைக் கொண்டு போவதில் நாம் தாமதம் செய்தால், அந்தத் தாமதத்துக்கு அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

நபிகளார் காட்டிய வரிசை

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. உனக்குப் பயன் தருவதில் ஆர்வத்தோடு முயற்சி செய், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமையில் உட்கார்ந்து விடாதே, அதன் பிறகும் ஏதேனும் நேர்ந்துவிட்டால் ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று பேசாதே என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் முயற்சி, கூடவே துஆ, கடைசியில்தான் விதியைப் பொருந்திக்கொள்வது. நம்மில் சிலர் இதைத் தலைகீழாக்கி விடுகிறோம். முயற்சி செய்ய வேண்டிய நேரத்தில் “அல்லாஹ் பார்த்துக்குவான்” என்று உட்கார்ந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு “அப்பவே கொண்டு போயிருக்கலாமே” என்று அழுகிறோம்.

கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். நோய் அவன் விதி என்றால் மருந்தும் அவன் விதிதான்.

நம் வீடுகளில் நடக்கும் தாமதங்கள்

ஒன்று, “முதல்ல ஓதிப் பார்ப்போம்” என்பது. ஓதிப் பார்ப்பது சுன்னத், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்களைத் தொழுகையில் தேள் கொட்டியபோது என்ன செய்தார்கள்? தண்ணீரும் உப்பும் கொண்டுவரச் சொல்லி, கொட்டிய இடத்தில் தடவிக்கொண்டே ஓதினார்கள் என்று அலீ (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. அன்று கைக்கு எட்டிய சிகிச்சையும் ஓதலும் ஒரே நேரத்தில் நடந்தன. நமக்கு இன்று கைக்கு எட்டுவது அரசு மருத்துவமனை. எனவே வண்டியில் ஏறுங்கள், பிள்ளையை மடியில் வைத்து வழியெல்லாம் ஃபாத்திஹா ஓதுங்கள்.

தேள் விஷயத்தில் இன்னொரு செய்தி. மகாராஷ்டிராவின் மகாட் என்ற ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டிய குழந்தைகளுக்கு ‘பிரசோசின்’ என்ற சாதாரண மாத்திரையைக் கொடுத்து, மரணங்களை மிகப் பெரிய அளவில் குறைத்துக் காட்டினார். உரிய நேரத்தில் கொடுத்தால் உயிரைக் காக்கும் மருந்து அது. கொட்டிய பிறகு பிள்ளை வாந்தி எடுத்து, உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் சில்லிட்டால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள்.

இரண்டு, கைவைத்தியம். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எல்லாம் கேடுதான். கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்குப் போவதே வழி. காய்ச்சலில் வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடத்தில் வலிப்பு நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதுவரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் “விடியட்டும்” என்று சொல்லாதீர்கள்.

தலையில் காயம்பட்ட ஒரு ஸஹாபிக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய உனக்குச் சலுகை இல்லை என்று கூட இருந்தவர்கள் அறியாமல் சொல்ல, குளித்த அவர் இறந்துவிட்டார். நபியவர்கள் கடுமையாகக் கோபப்பட்டு, அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என்று உணர்த்தினார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி. தெரியாத வைத்தியம் சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று, அனுமதிக்குக் காத்திருப்பது. கணவர் வெளிநாட்டில் இருப்பார், போன் எடுக்க மாட்டார். மாமனார் பக்கத்து ஊருக்குப் போயிருப்பார். தாய்மார்களே! உயிர் போகும் அவசரத்தில் யாருடைய அனுமதிக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்புங்கள், ஒருவரும் இல்லையென்றால் தனியாகவே கிளம்புங்கள். நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் தருகிறது. பெண் பிள்ளையை ஆண் டாக்டர் பார்ப்பதும் அப்படித்தான்.

ஜும்ஆ நேரமாக இருந்தாலும்

பத்ரு ஸஹாபியான ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் நோயுற்றிருக்கும் செய்தி ஒரு வெள்ளிக்கிழமை இப்னு உமர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது. ஜும்ஆ நெருங்கியிருந்தும் அதை விட்டுவிட்டு அவர்களிடம் புறப்பட்டுப் போனார்கள். இது புகாரியில் இருக்கிறது. கவனிக்க வேறு ஆள் இல்லாத நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஜும்ஆவுக்கு வராமலிருக்கத் தகுந்த காரணம் என்று ஃபுகஹாக்களும் எழுதியிருக்கிறார்கள். எனவே பாங்கு சொல்லும் நேரத்தில் பிள்ளைக்கு ஒன்று என்றால் பள்ளிவாசல் பக்கம் வராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே லுஹர் தொழுதுகொள்ளலாம்.

ஜமாஅத்தின் கடமை

இது பெற்றோரின் பொறுப்பு மட்டுமல்ல. ஓர் உயிரைக் காப்பாற்றுவது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் யாரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. அருப்புக்கோட்டையோ, விருதுநகரோ, மதுரையோ, நமக்குப் பெரிய மருத்துவமனை என்பது தூரம்தான். அந்தத் தூரத்தை நாம் குறைக்க முடியாது, கிளம்பும் நேரத்தைக் குறைக்க முடியும். நள்ளிரவில் அழைத்தாலும் வண்டி எடுக்க ஒப்புக்கொண்ட மூன்று பேரின் எண்கள் பள்ளிவாசல் பலகையில் இருக்கட்டும். அவசரத்துக்குக் கொடுக்கப் பைத்துல்மாலில் ஒரு தொகை தனியாக இருக்கட்டும். வாசலை ஒட்டி வளர்ந்த சீமைக்கருவேலத்தை வெட்டி வையுங்கள். பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்காதீர்கள்.

எல்லா முயற்சியும் செய்த பிறகும் சில பிள்ளைகளை அல்லாஹ் எடுத்துக்கொள்கிறான். நம் நபியவர்களே பால்குடி மறக்காத தம் மகன் இப்ராஹீமை இழந்து கண்ணீர் வடித்தார்கள். பிள்ளையை இழந்த பெற்றோரிடம் போய் “ஏன் முன்னாடியே கொண்டு போகலை?” என்று கேட்டு அவர்கள் நெஞ்சில் குத்தாதீர்கள். முயற்சிக்கு நேரம் இருக்கும்போது விரைவோம், முடிந்த பிறகு ‘இருந்தால்’ என்ற பேச்சை விடுவோம். இரண்டும் சேர்ந்ததுதான் தவக்குல்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் பாதுகாப்பானாக! நோயுற்ற குழந்தைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக! பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு அழகிய பொறுமையையும், அதற்குப் பகரமாகச் சுவனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!