கயிறு கட்டியவருக்கு வலிப்பு வந்தால்

"குடியை விடறதா கோயில்ல கயிறு கட்டியாச்சு. இனிமே ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது. மருந்து உள்ளே போனா கயித்தோட சக்தி போயிடும்." குடிநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. கயிறு கட்டிய மூன்றாம் நாள் ஆளைத் தூக்கி வருகிறார்கள். ஒருவர் வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் மேலே ஊராத பாம்பைக் கையால் தட்டித் தட்டி விடுவார். ஏன் இவ்வளவு தாமதம் என்றால், "சாமி சோதிக்குதுன்னு இருந்துட்டோம்" என்று பதில் வரும்.

எந்தச் சாமியும் இப்படிச் சோதிப்பதில்லை. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளையைச் சாராயம் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. விழித்திருப்பதற்காக மூளையும் எதிர்ப்பக்கம் முறுக்கேறி நிற்கிறது. வடம் இழுக்கும் போட்டியில் ஒரு கட்சி சட்டென்று வடத்தை விட்டுவிட்டால் மறுகட்சி மல்லாக்க விழுமே, ஒரே நாளில் குடியை நிறுத்தும்போது அதுதான் நடக்கிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். ஆள் தெரியாது, இடம் தெரியாது, காய்ச்சலடிக்கும், நெஞ்சு படபடக்கும். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தக் கட்டத்தை எட்டியவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். நேரத்தோடு மருந்து கொடுத்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. விபூதி பூசிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமா இது?

கயிறு கட்டும் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் தேவைப்படுகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், பல நாளாகச் சோறே இறங்காதவர் ஆகியோர்தான் ஆபத்தில் இருப்பவர்கள். இவர்கள் கயிறு கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் கொடுக்கும் மாத்திரை முறுக்கேறிய மூளையை ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல இறக்கிவிடும். பிறகு அதையும் குறைத்து நிறுத்திவிடுவோம். "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

கயிறோ மாலையோ வீண் என்று நான் சொல்லவில்லை. "டாக்டர் குடிக்க வேண்டாம்னார்" என்றால் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள், ஊற்றியும் கொடுப்பார்கள். "மாலை போட்டிருக்கேன் மாமா" என்றால் அதே ஆட்கள் கிளாஸை மறைத்துக்கொள்வார்கள். ஊரே சேர்ந்து காவல் நிற்கும் அந்த ஒரு மண்டலத்தை எந்த மருந்தாலும் தர முடியாது. ஆனால் மாலையைக் கழற்றும் அன்று அந்தக் காவலும் விலகிவிடுகிறது. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களுக்கு மறுபரிசோதனை நாளை மாலை கழற்றும் நாளுக்கு மறுநாளாகவே குறித்துக் கொடுக்கிறேன்.

இன்னொன்று, நேர்த்திக்கடன். குடியை விட்டதற்கு நன்றியாகக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறார்கள், மனம் குளிர்கிறது. படையலில் வைத்த பாட்டிலைத் திறந்து, "பிரசாதம்தானே, ஒரு மடக்கு ஒண்ணும் செய்யாது" என்று அவர் கையிலேயே கொடுக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஒரு மடக்கில்தான் பழைய கணக்கு திரும்பத் தொடங்குகிறது. குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரையை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் உடனடியானது. முகம் சிவந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த அபாயம் உண்டு. இதே மாத்திரையைப் புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் செய்யாதீர்கள் அம்மா, அவர் தெரியாமல் குடித்துவைத்தால் உயிர் போகும்.

ஊர் சொல்லும் வேறு வைத்தியங்களும் உண்டு. கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்துவான் என்பது பொய். ஒரு பெண்ணின் வாழ்க்கையை மருந்தாக அரைக்காதீர்கள். கள்ளுக்கு மாறினால் குடிநோய் போகும் என்பதும் பொய். கள்ளிலும் இருப்பது அதே சாராயம்தான்.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்பதை மட்டும் அப்படிக் கடந்து போக முடியாது. நெடுநாள் குடியர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளையில் நிரந்தரச் சேதம் வரலாம். கண் நிலை தவறும், நடை தள்ளாடும், நினைவு அழியும். தயமின் ஊசி விலை குறைந்த மருந்து. அது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், குளுக்கோஸ் பாட்டிலைத் தொடும் முன் செவிலியர் அதை எடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்றவர்களில் எத்தனையோ பேர் எங்களிடம் வருவதற்கு முன் கோயிலுக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் தர்காவுக்கும் போகிறார்கள். அப்படி வேண்டுதலோடு போகும் தர்கா ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவில், வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநல சிகிச்சையைக் கொண்டுவந்தது. கயிறு கட்டும் கோயில்களிலும் அதைச் செய்யலாம்.

கட்டுவதற்கு முன் பூசாரி இரண்டு கேள்வி கேட்டால் போதும்: "தினமும் குடிக்கிறியாப்பா? முன்னாடி வலிப்பு வந்திருக்கா?" தினமும் குடிப்பவர் என்றாலோ வலிப்பு வந்தது என்றாலோ, "டாக்டர் சீட்டோட வாப்பா, சாமி காத்திருக்கும்" என்று அனுப்பிவையுங்கள். பூசாரி சொன்னால் ஊர் கேட்கும். இரண்டு கேள்விகளையும் 14446 என்ற போதைமீட்பு உதவி எண்ணையும் சந்நிதிப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்க விரும்பும் கோயில் கமிட்டியார், தங்கள் வட்டார அரசு மருத்துவமனை மருத்துவரை அழைத்துப் பேசுங்கள். பூசாரிகளோடு உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அவரை ஒரு நாள் வரச் சொல்லுங்கள்.