வழுக்கலும் இடறலும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

உராய்வு என்றதும் ஆய்வுக்கூடத்துச் சாய்தளமும் மரக்கட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அதே சோதனை நடப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. முன்வைத்த குதிகால், தரையைக் கீழ்நோக்கி மட்டுமன்றி முன்னோக்கியும் தள்ளுகிறது. இக்கிடைவிசையைச் செங்குத்து விசையால் வகுத்தால், சமதளத்தில் இயல்பாக நடக்கும்போது ஏறத்தாழ 0.2 வரும். உராய்வுக் குணகம் இதைவிட மிகுதியாக உள்ளவரை வழுக்கல் இல்லை. உலர்ந்த சிமெண்டுத் தரையில் ரப்பர்ச் செருப்புக்கு அது 0.6-க்கும் மேலிருக்கும்.

தரை நனைந்ததும் நிலைமை மாறுகிறது. குதிகால் இறங்கும்போது இடையிலுள்ள நீர் வெளியேறியாக வேண்டும். வழவழப்பான தரையில் அதற்கு வழியில்லை. மெல்லிய படலமாக நின்று செருப்பையும் தரையையும் பிரித்துவிடுகிறது. எண்ணெய் பாகுநிலை மிகுந்தது. இன்னும் மெதுவாகவே விலகும். சோப்போ, நீர் வடிந்த பின்னும் பரப்பில் ஒட்டி மசகாக நிற்கும். சொரசொரப்பான தரையின் நுண்மேடுகள் படலத்தைத் துளைக்கும். செருப்படியின் வரிப்பள்ளங்கள் வடிகாலாகும். தேய்ந்த செருப்பில் அவ்வடிகால் இல்லை.

சாயப்பட்டறை ஒன்றில் வேலை செய்யும் என் தாயார், சோப்புநீர் வழிந்த தரையில் விழுந்து மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தார்கள். "பார்த்து நடக்கக் கூடாதா?" என்றே எல்லாரும் கேட்டனர். தரை ஏன் ஈரமாயிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சட்டம் கேட்டிருக்கிறது! தொழிலின்போது நனையும் தரைக்குத் தக்க வடிகால் வேண்டுமென்றது, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. தளமும் நடைவழியும் தடைகளின்றி, வழுக்கும் பொருள்களின்றி இருக்க வேண்டுமென 32-ஆம் பிரிவில் 1976-இல் சேர்த்தனர்.

இடறல் வேறு வகை. நடக்கையில் முன்னேறும் கால்நுனி, தரைக்கு மேல் 1 அல்லது 2 சென்டிமீட்டர் உயரத்தில்தான் செல்கிறது. உயரமான படி கண்ணில் படும். கால் தானே உயரும். தரையோடு கிடக்கும் மின்கம்பியும் பெயர்ந்த கல்லின் விளிம்புமே ஆளைக் கவிழ்ப்பவை. முகத்தை மறைக்கும் நூல்கூடையைச் சுமந்து மங்கிய வெளிச்சத்தில் நடப்பவருக்குச் சொல்லவே வேண்டாம்.

எச்சரிக்கைப் பலகை கடைசி மருந்து என்பது என் கருத்து. கசியும் குழாயை அடைப்பது, சரிவும் வடிகாலும் அமைப்பது, தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்குவது ஆகியவை முந்தியவை. ஈரத்துணியால் துடைத்தால் படலம் மெலியுமே தவிர மறையாது. உலர்துணியால் மறுபடி துடைக்க வேண்டும். ஈரத்தில் நடந்தே ஆகவேண்டுமெனில் சிற்றடி நல்லது. அடி குறுகினால் கிடைவிசை குறையும். சேற்று வரப்பில் நம் பாட்டிமார் நடை அதுதான்!

நண்பர்கள் இதை ஆய்வுக்கூடத் தொட்டியருகே சோதிக்கலாம். பழைய செருப்புத் துண்டின்மேல் எடை வைத்துச் சுருள்வில் தராசால் இழுங்கள். உலர்தரையில் ஒருமுறை, சோப்புநீரில் ஒருமுறை. ஆனால், வைத்தவுடனே இழுக்க வேண்டும். சற்றுத் தாமதித்தால் எடையின் அழுத்தத்தில் நீர் பிதுங்கி வெளியேறி, அளவு கூடுதலாகக் காட்டிவிடும்.