பின்னறைக்கும் இணையம்: வீட்டில் இரண்டாவது திசைவி

வரிசை வீடுகளில் வாழும் நம்மில் பலருக்கு ஒரு பட்டறிவு பொதுவானது. முன்கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைஃபை கோடுகள் முழுமையாக நிற்கும். சமையலறையைத் தாண்டிப் பின்னறைக்குப் போனால் ஒன்றுகூட இராது. அந்தப் பின்னறையோ பெரும்பாலும் வீட்டின் இளையவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இடைநிலைப்பள்ளியில் இருந்த என் தலைமுறைக்கு இதன் பொருள் நன்கு தெரியும். ஆசிரியர் பெயரை அழைக்கும் நேரத்தில் குரல் அறுந்து போன மாணவர், வகுப்புக்கு வராதவராகவே எண்ணப்பட்டார். இன்றும் இணையவழி விரிவுரையும் இடுபணியும் நம்மை விட்டபாடில்லை.

இந்நிலையில் பெற்றோர் முதலில் செய்வது இணையத் திட்டத்தை உயர்த்துவதுதான். மாதந்தோறும் கூடுதல் பணம் போகிறது. பின்னறை மட்டும் பழையபடியே இருக்கிறது. பணத்தைச் செலவிடும் முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கைப்பேசியைத் திசைவிக்கு அருகில் வைத்து வேகத்தை அளந்து, பிறகு பின்னறையில் அளக்க வேண்டும். அருகிலேயே வேகம் குறைவென்றால் இக்கட்டுரை உங்களுக்கு உதவாது. அருகில் நன்றாக இருந்து பின்னறையில் மட்டும் சரிந்தால், அலமாரியில் தூங்கும் பழைய திசைவியும் ஒரு கம்பிவடமும் போதும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ரவுட்டர் என்று நாம் அன்றாடம் சொல்வதைத் தமிழில் திசைவி என்கிறோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு அது மலாயில் 'பெங்ஹாலா' என்றுதான் முதலில் அறிமுகம். ஹாலா என்றால் திசை. இரு மொழியிலும் ஒரே வேரெண்ணத்தில் சொல் பிறந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சிக்கலின் காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் நாட்டில் வரிசை வீட்டு மனை பல இடங்களில் 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்டது. 2010இல் யூனிஃபை அறிமுகமான பிறகு கண்ணாடி இழைவடம் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. அது பெரும்பாலும் முன்புறமாக நுழைவதால் திசைவியும் முன்கூடத்திலேயே தங்கிவிடுகிறது. அங்கிருந்து பின்னறைக்கு அலை போவதற்குள் மூன்று நான்கு செங்கல் சுவர்களைக் கடக்க வேண்டும். மாடி வீடென்றால் கம்பி பதித்த கான்கிரீட் தளமும் குறுக்கே நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் தளரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்றுத் தூரம் போகும், ஆனால் அண்டை வீடுகளின் இரைச்சலோடு போட்டியிட வேண்டும்.

இரண்டாவது திசைவியை வைக்கும்போது பலர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. வீட்டுத் திசைவி உண்மையில் பல வேலைகளைச் செய்யும் பெட்டி. வெளி இணையத்தோடு பேசுவது ஒரு வேலை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.100 போன்ற எண்முகவரி ஒன்றைக் கொடுப்பது இன்னொரு வேலை. இதற்கு டிஎச்சிபி என்று பெயர். வைஃபை அலையைப் பரப்புவது மூன்றாவது. பின்னறைக்குத் தேவைப்படுவது இந்த மூன்றாவது வேலை மட்டுமே.

பழைய திசைவியை அப்படியே கொண்டுபோய் இணைத்தால் அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். தோட்டத்து லயங்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு கிராணிமார் தனித்தனிப் பேரேடு வைத்துக்கொண்டு ஒரே லயத்தின் வீடுகளை ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து நிற்கும். வீட்டு வலையமைப்பிலும் இதே கதைதான். எந்தத் திசைவி முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் முகவரியை மடிக்கணினி வாங்கிக்கொள்ளும். இரண்டாவதிடம் வாங்கியது அதையே வெளிவாசல் என்று நம்பிக் காத்திருக்கும். அங்கோ வெளி இணைப்பு ஏதும் இல்லை. வைஃபை கோடுகள் முழுதாகத் தெரியும், ஒரு பக்கமும் திறக்காது. இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பின்னறைக்கு உதவப்போய், முன்கூடத்தில் நன்றாக இருந்தவருக்கும் இணையம் போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியதை வரிசைப்படி செய்ய வேண்டும். இரண்டாவது திசைவியை முதலாவதோடு உடனே இணைக்காமல், கணினியோடு மட்டும் கம்பியால் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கவும். 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற பயன்முறை அதில் இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும், பாதி வேலையை அதுவே முடித்துவிடும். இல்லையென்றால் முதலில் வைஃபை பெயரையும் மறைச்சொல்லையும் முதல் திசைவியில் உள்ளபடியே கொடுக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11. முதலாவது 1இல் இருந்தால் இரண்டாவதை 6இலோ 11இலோ வைக்கவும். அடுத்து அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றவும். முதல் திசைவி 192.168.0.1 என்றால் இதுவும் 192.168.0.2 ஆக வேண்டும். இந்த எண் முதல் திசைவி பிறருக்குப் பங்கிடும் எண்களுக்குள் விழக்கூடாது. அது 100 முதல் 200 வரை பங்கிட்டால் கவலையில்லை. 2இலிருந்தே பங்கிட்டால், 10இலிருந்து தொடங்கும்படி அதை மாற்றிவிட வேண்டும்.

டிஎச்சிபியை நிறுத்துவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலிலேயே நிறுத்தினால் கணினிக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல் அமைப்புப் பக்கமே திறக்காமல் போகலாம். இவை முடிந்தபின் முதல் திசைவியின் லேன் துளையிலிருந்து இரண்டாவதன் லேன் துளைக்குக் கம்பிவடத்தைச் செருகவும். தனியாக, வேறு நிறத்தில் இருக்கும் வேன் துளையைத் தொட வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் பயன்முறையில் வைத்தவர்கள் மட்டும் கையேடு சொல்லும் துளையைப் பயன்படுத்தலாம்.

கம்பிவடம் கேட் 5இ வகையே போதும். இவ்வகை இணைப்பின் எல்லை 100 மீட்டர். 70 அடி என்பது ஏறத்தாழ 21 மீட்டர்தான். மின்கம்பியோடு ஒட்டி இழுக்காமல், கூரைக்கு அடியிலோ சுவரோரத்திலோ கொண்டுபோகலாம். சுவரில் துளையிட அம்மா சம்மதிப்பது மட்டுமே இதில் உண்மையான தொழில்நுட்பச் சவால். பழைய திசைவியின் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடலாம். காணொளி வகுப்புக்குச் சில மெகாபிட்டே போதும் என்பதால் அது குறையாகாது.

கம்பி இழுக்க வழியே இல்லாதவர்கள் அலையை வாங்கி மீண்டும் பரப்பும் கருவியை நாடுகிறார்கள். ஒரே தடத்தில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் அதன் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதைப் பின்னறையில் வைப்பதிலும் பயனில்லை. அலை இன்னும் நன்றாக எட்டும் நடுவீட்டில் வைக்க வேண்டும். இப்போது விற்கும் மெஷ் தொகுப்புகள் இவ்வேலையை எளிதாக்குகின்றன. ஆயினும் கம்பியின்றி இயங்கும்போது அவையும் அதே சுவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

பழைய திசைவி டபிள்யூபிஏ2 பாதுகாப்பைக்கூட ஏற்காததாக இருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். வீட்டின் வலுவற்ற கதவு வழியாகத்தான் திருடன் வருவான்.

வேன் துளை பயன்படும் சூழலும் ஒன்றுண்டு. அறையை மாணவருக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில், குடும்பத்தின் கணினிகளும் அச்சுப்பொறியும் அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. அப்போது இரண்டாவது திசைவியின் டிஎச்சிபியை நிறுத்தாமல், அதன் முகவரியை மட்டும் 192.168.2.1 என வேறு தொடருக்கு மாற்றி, வைஃபைக்கு வேறு பெயரும் மறைச்சொல்லும் கொடுத்து, முதலாவதன் லேன் துளையிலிருந்து இதன் வேன் துளைக்கு இணைக்கலாம். பலர் வாடகைக்கு இருப்பவரை இரண்டாவதில் வைக்கிறார்கள், அது தலைகீழ். உள்ளே இருக்கும் இரண்டாவது வலையிலிருந்து முதலாவதை எட்டிப் பார்க்க முடியும், முதலாவதிலிருந்து இரண்டாவதற்குள் எளிதில் நுழைய முடியாது. எனவே வாடகைக்கு இருப்பவருக்கு முதல் திசைவியின் மறைச்சொல்லையும், குடும்பத்துக்கு இரண்டாவதன் மறைச்சொல்லையும் கொடுக்க வேண்டும்.