குளுனி மடம்: கல்லும் நூலும்

கல்லால் எழுப்பியவை நிலைக்கும், ஏட்டில் எழுதியவை அழியும் என்பது பொதுவான எண்ணம். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலுள்ள குளுனி என்னும் சிற்றூரின் வரலாறு இதற்கு மாறான செய்தியை உரைக்கின்றது. இடைக்காலக் கத்தோலிக்கத் துறவு மடங்களுள் தலைசிறந்து விளங்கிய குளுனி மடம் இன்று பெரும்பாலும் இடிபாடாகவே நிற்கின்றது. அதன் எழுச்சியையும் வீழ்ச்சியையும், திருக்குர்ஆனின் முதல் முழு இலத்தீன் மொழிபெயர்ப்போடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

கி.பி. 910-இல் அக்குவிட்டேன் கோமகன் வில்லியம் இம்மடத்தை நிறுவினார். தாமோ தம் உறவினரோ மடத்தின்மீது எவ்வுரிமையும் கோரலாகாது எனச் சாசனம் எழுதிக் கொடுத்தார். இத்தன்னாட்சியே மடத்தின் வளர்ச்சிக்கு வித்தாயிற்று. காலப்போக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைமடங்கள் இதன்கீழ் அமைந்தன.

1088-இல் மடத்தலைவர் ஹியூ மூன்றாவது பேராலயத்தைக் கட்டத் தொடங்கினார். 1130-இல் அது திருநிலைப்படுத்தப்பெற்றது. ஏறத்தாழ 187 மீட்டர் நீளமுடைய இக்கோயிலே, உரோமையில் புனித பேதுரு பேராலயம் புதிதாக எழும்வரை கிறித்தவ உலகின் மிகப்பெரிய கோயிலாகத் திகழ்ந்தது. இதற்குப் பொன் வழங்கியவருள் முதன்மையானவர் எசுப்பானிய மன்னர் ஆறாம் அல்போன்சோ. அப்பொன்னோ அந்நாட்டு முஸ்லிம் சிற்றரசர்கள் அவருக்குச் செலுத்திய திறைப்பொருளினின்று வந்ததாகும்!

வாளும் சொல்லும்

1095 அக்டோபரில் இக்கோயிலின் பீடத்தைத் திருநிலைப்படுத்தியவர் போப் இரண்டாம் அர்பன். இவர் முன்னர் குளுனியில் துறவியாக வாழ்ந்தவர். அடுத்த மாதமே கிளேர்மோன் நகரில் சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்தார்.

அரை நூற்றாண்டுக்குப்பின் அம்மடத்தின் தலைவராயிருந்த பீட்டர் வேறொரு வழியை நாடினார். முஸ்லிம்களைப் படைக்கலத்தால் அன்றிச் சொல்லால் அணுகவேண்டும் என எண்ணிய அவர், 1142-இல் எசுப்பானியா சென்று மொழிபெயர்ப்புக் குழுவொன்றை அமைத்தார். கெட்டன் ஊரினரான இராபர்ட் 1143-இல் திருக்குர்ஆனை இலத்தீனில் பெயர்த்து முடித்தார். அக்குழுவில் முகம்மது என்னும் முஸ்லிம் ஒருவரும் பணியாற்றினார்.

இம்முயற்சியின் நோக்கம் இஸ்லாத்தை மறுப்பதே என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. நூலின் தலைப்பிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழித்துரைக்கும் சொல் இடம்பெற்றது. மூலத்தின் சொல்லமைப்பை விட்டு விலகிய விரிவுரையாகவும் அது பல இடங்களில் அமைந்தது. எனினும், அரபு விரிவுரையாளர்தம் விளக்கங்களை இராபர்ட் தழுவியுள்ளமையை இக்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மறுப்பதற்கேனும் மூலத்தைக் கற்கவேண்டும் என்னும் அறிவுநேர்மை அக்காலத்தில் அரிதினும் அரிது.

வீழ்ச்சி

1562-இல் சமயப் போரின்போது மடத்தின் நூலகம் சூறையாடப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாகத் துறவியர் வெளியேற்றப்பட்டனர். 1798-இல் மடம் வணிகர்க்கு விற்கப்பட, பேராலயம் கற்சுரங்கமாயிற்று. வெடிமருந்திட்டுத் தகர்த்த கற்களை விலைக்கு விற்றனர். ஆலயத்தின் நடுவே தெருவொன்றும் போடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது பேராலயத்தில் பத்தில் ஒரு பங்கினும் குறைவே. எண்கோண வடிவக் கோபுரம் ஒன்று அதன் பழம்பெருமைக்குச் சான்றாக நிற்கின்றது. 1928 முதல் அமெரிக்க அறிஞர் கோனன்ட் நிகழ்த்திய அகழாய்வினாலேயே அதன் முழு அமைப்பு உலகிற்குத் தெளிவாயிற்று.

நூலோ வாழ்ந்தது. அதன் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி பாரிசு நகரின் ஆர்சனல் நூலகத்தில் உள்ளது. பேசல் நகரில் அது அச்சேறியபோது நகர அவை தடை செய்தது. மார்ட்டின் லூதர் பரிந்துரைத்த பின்னரே 1543-இல் வெளிவந்தது.

முடிவுரை

முஸ்லிம்களின் திறைப்பொன்னால் உயர்ந்த கோபுரங்கள் சாய்ந்தன. முஸ்லிம்களின் வேதத்தை அறிய எடுத்த முயற்சி, குறையுடையதாயினும், நிலைத்தது. பிறர் மறையை மொழிபெயர்ப்பின்வழிக் கற்கும்வரை பீட்டர் வந்தார். காழ்ப்பின்றிக் கற்கும் அடுத்த படியை அவர் ஏறவில்லை. மடத்தின் எஞ்சிய கட்டடங்களில் இன்று பொறியியல் கல்விக்கூடம் ஒன்று இயங்குகின்றது. பல சமயத்து மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் நம் கல்லூரியில், அந்த அடுத்த படியை ஏறுவது நம் கடமையாகும்.